பிந்தி வந்த காரணம்

ஃபோமில ஒரு பெட்டி இருக்கு:
"தாமதமாக வந்ததற்கான காரணம்."
மூண்டு விரல் அகலம்.
பயிற்சி டொக்டர் பிள்ளை பேனையோட நிக்குது.
சொல்லுங்கோ அன்ரி, எண்டுது.

எதிலயிருந்து தொடங்க?

முதல்ல நான் அதை ஷெல் பீஸ் எண்டு நினைச்சன்.
எங்கட ஆக்களின்ர உடம்பில தட்டுப்படுற எல்லாத்துக்கும்
முதல் வைக்கிற பேர் அதுதான்.
மாத்தளனில பட்டதில ஒண்டு
முதுகில இன்னும் கிடக்கு.
மாரி தொடங்க விறைக்கும், பிறகு அடங்கும்.
இது இடப்பக்கம், கமக்கட்டுக்குக் கிட்ட.
நகர்ந்து வந்திருக்கும் எண்டார் இவர்.
இரும்பு நகருமோ எண்டு நான் கேக்கேல்லை.
நகர்ந்த கதையள் நிறையக் கேட்டிருக்கிறம்.

அது கச்சான் பிடுங்கிற காலம்.
குனிஞ்சு பிடுங்கேக்க நோகேல்லை.
நோகாததைக் கொண்டு
ஆர் ஆசுப்பத்திரிக்குப் போறது?

பிறகு ஒட்டுசுட்டானில காட்டினன்.
கடிதம் தந்து முல்லைத்தீவுக்கு அனுப்பினவை.
ஸ்கானுக்கு நாள் தந்தது செவ்வாய்க்கிழமை.
செவ்வாய்க்கிழமைதான் லோன்காரப் பெடியன் வாறது.
நான் வீட்டில இல்லாட்டி
என்ர தவணையைக் குழுவில இருக்கிற
மற்ற நாலு பெண்டுகளும் கட்டவேணும்.
அதில ஒருத்திக்குப் புருசன் இல்லை,
ஒருத்திக்குக் கால் இல்லை.
அந்த நாள் போச்சு.

தெல்லிப்பழைக்கு வெளிக்கிட்ட முதல் நாள்
மாங்குளம் றோட்டில யானை.
பஸ் லைற்றை நிப்பாட்டிப்போட்டு
எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க,
அது ஒரு பாலைக் கொப்பை முறிச்சு
ஆறுதலாத் திண்டுது.
நாங்கள் போய்ச் சேர நம்பர் குடுத்து முடிஞ்சுது.

இதுக்குள்ளயே பெட்டி நிரம்பியிருக்கும், என்ன?

வார்டில பக்கத்துக் கட்டில் நிலாந்தினி.
கொக்குவிலில, பாங்கில வேலை.
எனக்கும் நாப்பத்திநாலு, அவவுக்கும் அதுதான்.
ரெண்டு பேருக்கும் இடப்பக்கம்.
அவவின்ரயைக் கண்டுபிடிச்சது
பாங்கில வைச்ச மருத்துவ முகாமில.
எவ்வளவு இருந்தது எண்டு கேட்டன்.
ஒரு கச்சான் பருப்பு எண்டு
என்னட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரி
விரல் நுனியைக் காட்டினா.
என்ர கோதோட எண்டன். மூண்டு பருப்புக் கோது.
சிரிச்சா. பிறகு அழுதா.
நான்தான் பிஸ்கட் குடுத்தன்.

வெளியில வாங்கச் சொல்லி
ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துத் துண்டு,
ஒரே கையெழுத்து.
அவவின்ர துண்டு வாட்ஸ்அப்பில கனடாவுக்குப் போய்
அடுத்த நாள் பின்னேரம் மருந்தாத் திரும்பி வந்திட்டுது.
என்ர துண்டு கைலேஞ்சியில முடிஞ்சபடி
முத்தையன்கட்டுக்கு வந்து
சாமிப் படத்துக்குப் பின்னால இருக்கு.
வட்டிக்காரி அதைப் பார்த்திட்டு
கனக்கக் கதைக்காமல் எழும்பிப் போனா.

ஆசுப்பத்திரி இலவசம் பிள்ளை.
கோதாரி, அதுக்கு வாற வழிதான் காசு.
எங்களுக்கு மூண்டு பஸ்,
ஒரு நாள் கூலி, சின்னவனின்ர பள்ளிக்கூடம்,
ஆட்டுக்குக் குழை வெட்ட ஆள்.

பெரிய டொக்டர் நல்ல மனுசன்.
கட்டிலடியில நிண்டு கதைக்கிறவர்.
நிலாந்தினிக்கு அஞ்சு வருசத்தைப் பற்றிச் சொன்னார்.
எனக்கு
அடுத்த கிழமையைப் பற்றி.

பிள்ளை இன்னும் பேனையோட நிக்குது.
எட்டிப் பார்த்தன்.
நான் வாய் திறக்க முதலே பெட்டிக்குள்ள
பென்சிலால ஒரு சொல்:
அறியாமை.
வடிவான எழுத்து.

அதை அழி ராசாத்தி.
எங்கட ஊரில நாலு பத்துக்குத்தான் முதல் பஸ்.
இருட்டில ரோச் அடிச்சு மறிச்சு
அதில முதல் ஆளா ஏறினது நான்.
நான் பிந்தேல்லை.